மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் தன்னூசி மருந்துகள்: தொடக்ககாலப் பக்கவிளைவுகளும் சமாளிக்கும் முறைகளும்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட நோயாகும். பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ 1868-இல் இதனைத் தனி நோயாக விவரித்தார். அதன்பின் ஏறக்குறைய 125 ஆண்டுகள் வரை நோயின் போக்கையே மாற்றக்கூடிய மருந்து எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை. 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா-1பி என்னும் ஊசி மருந்தே இவ்வகையில் முதலாவது. நோயாளி தன் கையாலேயே தன் உடலில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் எம்.எஸ். மருத்துவத்தின் பகுதியானது அப்போதிருந்துதான். இவை தன்னூசி மருந்துகள் எனப்படுகின்றன.

இம்மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. ஏற்கெனவே சேதமடைந்த நரம்பைச் சரிசெய்வதும் இல்லை. இனி வரக்கூடிய நோய்த் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே இவற்றின் வேலை. 372 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த முதல் பெரிய ஆய்வில், இன்டர்ஃபெரான் பீட்டா-1பி தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வராமல் போன தாக்குதலை நோயாளியால் உணர முடியாது. ஆனால் ஊசி போட்ட இரவில் வரும் காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் தொடையில் தோன்றும் சிவந்த தடிப்பையும் அவர் நன்றாகவே உணர்கிறார். பயன் கண்ணுக்குத் தெரியாமலும் துன்பம் உடனடியாகத் தெரியும்படியும் அமைந்த மருந்து இது. தொடக்க மாதங்களிலேயே பலர் ஊசியைக் கைவிட இது ஒரு முக்கியக் காரணம். எந்தப் பக்கவிளைவு தானே தணியும், எது தணியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பவருக்கு அந்த மாதங்களைக் கடப்பது எளிதாகிறது.

== மருந்து வகைகள் ==

இன்டர்ஃபெரான் பீட்டா வகை மருந்துகள் பல உள்ளன. பீட்டா-1பி ஒன்றுவிட்ட நாள்தோறும் தோலடியில் போடப்படுகிறது. பீட்டா-1ஏ இரு வடிவங்களில் கிடைக்கிறது: வாரம் ஒருமுறை தசையில் போடப்படும் அவோனெக்ஸ், வாரம் மூன்றுமுறை தோலடியில் போடப்படும் ரெபிஃப். உடலில் நீண்டநேரம் தங்கும்படி மாற்றியமைக்கப்பட்ட பெக்இன்டர்ஃபெரான் 14 நாட்களுக்கு ஒருமுறை போதும்.

கிளாட்டிரமர் அசிட்டேட் முற்றிலும் வேறு வகை. இது குளூட்டாமிக் அமிலம், லைசின், அலனின், டைரோசின் ஆகிய நான்கு அமினோ அமிலங்களின் செயற்கைக் கலவை. இசுரேலின் வைசுமான் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னோன், துவோரா டைட்டல்பாம் ஆகியோர் இதனை ஆராய்ந்தனர். விலங்குகளில் எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கப் பயன்படும் என்று எண்ணி உருவாக்கப்பட்ட பொருள், அந்நோயை அடக்கியது என்பது இதன் வரலாற்றிலுள்ள சுவையான முரண். நாள்தோறும் 20 மில்லிகிராம் அல்லது வாரம் மூன்றுமுறை 40 மில்லிகிராம் என்ற அளவில் இது தோலடியில் போடப்படுகிறது.

2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓஃபாட்டுமுமாப், பி-வகை வெள்ளையணுக்களைக் குறிவைக்கும் எதிர்ப்புரதம். முதல் மூன்று ஊசிகள் வாரத்துக்கு ஒன்றாகவும், ஒரு வாரம் இடைவெளி விட்டு அதன்பின் மாதம் ஒருமுறையும் போடப்படுகின்றன.

== ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் ==

இன்டர்ஃபெரான் தொடங்கியவர்களிடம் அதிகம் காணப்படுவது ஃப்ளூ காய்ச்சலை ஒத்த அறிகுறிகள்: காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, தசைவலி, அசதி. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இன்டர்ஃபெரானின் இயல்பை அறிய வேண்டும். 1957-இல் இலண்டனில் அலிக் ஐசக்சும் ழான் லின்டன்மானும் கண்டுபிடித்த இப்பொருள், வைரசு நுழைந்ததும் உடலின் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைச் செய்தி ஆகும். உண்மையான ஃப்ளூவில் வரும் உடல்வலியிலும் காய்ச்சலிலும் பெரும்பகுதி வைரசு நேரடியாகச் செய்வதன்று; இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிப் புரதங்களும் உண்டாக்குவது. ஆகவே ஊசிக்குப் பின் வருவதைப் போலிக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. வைரசு இல்லாமலே எச்சரிக்கை மணி மட்டும் அடிக்கப்படுகிறது. அந்த மணியோசை மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டுவது புராசுட்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வழியாக. பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் அந்த வேதிப்பொருளின் உற்பத்தியைக் குறைப்பவை என்பதால்தான் இங்கும் அவை பயன் தருகின்றன.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் இந்த எதிர்வினை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை சமாளிக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவதும் முக்கியமானதும் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது. பீட்டா-1பி முழு அளவான 250 மைக்ரோகிராமில் கால் பங்காகத் தொடங்கி, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கால் பங்கு கூட்டப்படுகிறது. ஆறு வாரங்கள் கழிந்தபின் முழு அளவு வருகிறது. ரெபிஃப் முதல் இரண்டு வாரம் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்த இரண்டு வாரம் பாதி, ஐந்தாம் வாரம் முதல் முழு அளவு. அவோனெக்ஸ் 7.5 மைக்ரோகிராமில் தொடங்கி வாரந்தோறும் 7.5 கூடி, நான்காம் வாரத்தில் 30-ஐ எட்டுகிறது. இங்கே ஒரு தவறான புரிதல் நேர்வதுண்டு. முதல் வாரம் ஒன்றும் செய்யவில்லையே என்று மகிழ்ந்தவர், அளவு கூடிய வாரத்தில் காய்ச்சல் வந்ததும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். அளவு கூடும் ஒவ்வொரு படியிலும் அறிகுறிகள் சற்றுத் தலைதூக்குவது எதிர்பார்க்கத்தக்கதே.

இரண்டாவது, நேரத் தேர்வு. படுக்கப் போகுமுன் ஊசி போட்டுக்கொண்டால் அறிகுறிகளின் உச்சம் உறக்கத்தில் கழிந்துவிடும் என்பது பொதுவான அறிவுரை. எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. நள்ளிரவில் நடுக்கத்தோடு விழித்துக்கொள்பவர்கள் மாலையில் சற்று முன்னதாகப் போட்டுப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை ஊசி போடுபவர்கள் மறுநாள் விடுமுறையாக வரும் இரவைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். வாரம் மூன்றுமுறை போடுபவர்கள் ஊசிகளுக்கிடையே குறைந்தது 48 மணி நேர இடைவெளியைக் காக்க வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சல் மாத்திரை. காய்ச்சல் வந்தபின் துரத்துவதைவிட, ஊசிக்குச் சற்று முன்போ ஊசியுடனோ பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபென் எடுப்பது நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்கலாம். எது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பாராசிட்டமால், இன்டர்ஃபெரான் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. சளி, காய்ச்சலுக்காகக் கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் அடங்கியிருப்பதால், தெரியாமலே அளவு இரட்டிப்பாகும் வாய்ப்பும் உண்டு. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் குறைபாடோ உள்ளவர்களுக்கு இபுபுரூஃபென் ஏற்றதன்று. போதிய நீர் அருந்துவது எளிய துணை.

== காய்ச்சலா, புதிய தாக்குதலா? ==

தொடக்க வாரங்களில் நோயாளியை அதிகம் அச்சுறுத்துவது காய்ச்சலைவிட, காய்ச்சலோடு சேர்ந்து பழைய நோய் அறிகுறிகள் திரும்ப வருவதுதான். ஒராண்டுக்கு முன் மங்கிச் சரியான கண் மறுபடி மங்குகிறது. தேறியிருந்த கால் மறுபடி இழுக்கிறது. மருந்தே நோயைக் கிளப்பிவிட்டது என்று அந்த இரவில் தோன்றுவது இயல்பு.

இதற்கு ஊட்டாஃப் விளைவு என்று பெயர். செருமானியக் கண் மருத்துவர் வில்லெல்ம் ஊட்டாஃப் 1890-இல், உடற்பயிற்சிக்குப் பின் எம்.எஸ். நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதைப் பதிவு செய்தார். உடல் வெப்பம் கூடுவதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. மயலின் உறை சிதைந்த நரம்பிழை, மின்குறிப்பைக் கடத்தப் போதுமான அளவின் விளிம்பிலேயே இயங்குகிறது. உடல் வெப்பம் சிறிதளவு உயர்ந்தாலும் கடத்தல் தடைபடும்; வெப்பம் இறங்கியதும் மீளும். புதிய சேதம் எதுவும் இதனால் ஏற்படுவதில்லை.

புதிய தாக்குதல் என்று மருத்துவர்கள் கருதுவது, காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் நரம்பு அறிகுறியை. எனவே ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் தணிந்த பின்னும் அறிகுறி நீடித்தாலோ, இதுவரை இல்லாத புதிய அறிகுறி தோன்றினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊட்டாஃப் விளைவு தற்காலிகமானதே என்றாலும் அந்த ஓரிரு மணி நேரம் ஆபத்தற்றது அன்று. கால் வலுவிழந்த நேரத்தில் இருட்டில் கழிவறைக்கு எழுந்து செல்பவர் விழுந்துவிடக்கூடும். ஊசி இரவுகளில் வழியில் ஒரு விளக்கும், கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகோலும் இருப்பது மாத்திரைக்கு நிகரான முன்னேற்பாடு.

== ஊசி போட்ட இடத்தில் ==

தோலடி ஊசிகள் அனைத்தும் சிவப்பு, வலி, வீக்கம், அரிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். கிளாட்டிரமரில் பூச்சி கடித்தது போன்ற தடிப்பு அடிக்கடி தோன்றும். இன்டர்ஃபெரானில் வரும் சிவந்த திட்டு நாட்கணக்கில் மறையாமல் இருக்கலாம். தசையில் போடப்படும் அவோனெக்சில் இத்தொல்லை குறைவு.

பாதி எரிச்சல் போடும் முறையாலேயே உண்டாகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மருந்தை உடனே செலுத்தாமல் அரை மணி நேரம் வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் போட வேண்டும். சுடுநீரிலோ நுண்ணலை அடுப்பிலோ சூடாக்கக் கூடாது. தோலைத் துடைத்த ஆல்ககால் முழுவதும் உலர்ந்த பின்னரே ஊசி குத்தப்பட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஆல்ககால் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். ஊசிமுனையில் தொங்கும் மருந்துத் துளி தோலின் மேலடுக்கில் படுவதும் சிவப்பை மிகுதியாக்கும். ஊசிக்குப் பின் துணியில் சுற்றிய பனிக்கட்டியால் சிறிது நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். கிளாட்டிரமர் போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. வயிறு, தொடைகள், இடுப்பின் பின்பகுதி, மேற்கையின் பின்புறம் ஆகியவை வழக்கமான இடங்கள். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. தவிர்க்கப்படும். ஒரே இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் மீண்டும் வரக்கூடாது. மரத்துப்போன இடத்தில் போட்டால் வலிக்காது என்பதற்காகச் சிலர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிகவும் புரிந்துகொள்ளத்தக்க, ஆனால் பின்னால் விலை கேட்கும் பழக்கம் இது. கிளாட்டிரமரில் அவ்விடத்துத் தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழக்கூடும். அந்தக் குழி பெரும்பாலும் நிரந்தரமானது. காலண்டரிலோ உடல் வரைபடத்திலோ தேதி குறித்து வைப்பது நினைவை நம்புவதைவிட மேல்.

இன்டர்ஃபெரான் போடும் சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் திசு இறந்துபோவதும் உண்டு. தோல் நீலம் அல்லது கருமை நிறமாதல், புண்ணாகித் திறத்தல், நீர் வடிதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது காத்திருந்து பார்க்க வேண்டியதன்று. அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

வெப்பநாடுகளில் சேமிப்பும் ஒரு கவலை. இம்மருந்துகள் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டியவை, உறையக் கூடாது. கிளாட்டிரமர் போன்றவற்றை ஒரு மாதம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று உறையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அறை வெப்பம் என்பது 30 பாகைக்கு மேற்படாதது. சென்னையின் மே மாத அறை அந்தக் கணக்கில் வராது.

== கிளாட்டிரமரின் உடனடி எதிர்வினை ==

கிளாட்டிரமர் ஃப்ளூ அறிகுறிகளைப் பொதுவாகத் தருவதில்லை. ஆனால் ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, இதயம் படபடத்து, மூச்சு முட்டி, இனம் புரியாத அச்சம் சூழும் ஓர் எதிர்வினை சிலருக்கு வருகிறது. நாள்தோறும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இதற்கு உள்ளானார்கள். மாரடைப்பு என்று எண்ணி அஞ்சும் அளவுக்குக் கடுமையாக இருந்தாலும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே அடங்கும். பல மாதங்கள் தொல்லையின்றிப் போட்டுக்கொண்டவருக்கும் திடீரென வரலாம்.

தானே அடங்கும், அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட அறிவுரை. இன்று அது போதாது. 2025 சனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம், இம்மருந்து அரிதாக உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்னும் கட்டமிட்ட எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. முதல் ஊசியிலும் நேரலாம். ஆண்டுகள் கழித்தும் நேரலாம். பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குகிறது. இரண்டு எதிர்வினைகளின் தொடக்கமும் ஒன்றுபோல் இருப்பதே தொல்லை. அறிகுறிகள் தணியாமல் கூடிக்கொண்டே போதல், மூச்சுத்திணறல் அல்லது இளைப்பு, முகம் அல்லது தொண்டை வீக்கம், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் உடனே அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். மருத்துவர் வேறு காரணத்தை உறுதிப்படுத்தும் வரை அடுத்த ஊசியைப் போடக் கூடாது. தொடக்க நாட்களில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஊசி போடாமல் இருப்பது நல்லது.

ஓஃபாட்டுமுமாபில் முதல் ஊசியே கடினமானது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, நடுக்கம் ஆகியவை பெரும்பாலும் முதல் நாளிலேயே வருகின்றன; அடுத்தடுத்த ஊசிகளில் வெகுவாகக் குறைகின்றன. இதனால் முதல் ஊசி பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் முன்னிலையில் போடப்படுகிறது. மருந்து தொடங்குமுன் கல்லீரல் அழற்சி-பி பரிசோதனை கட்டாயம்.

== ஊசி அச்சம் ==

வேறொருவர் ஊசி போடும்போது கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவரால், தானே குத்திக்கொள்ளும்போது அப்படித் திருப்பிக்கொள்ள முடியாது. இது மனவலிமைக் குறைவன்று. ஊசியையோ இரத்தத்தையோ கண்டால் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென இறங்கி மயக்கம் வருகிறது. இவர்களுக்கு 'உடலைத் தளர்த்துங்கள்' என்ற வழக்கமான அறிவுரை எதிர்மாறாகவே வேலை செய்யும். சுவீடிய உளவியலர் லார்சு-யோரான் ஊஸ்டு 1980-களில் பரப்பிய முறை இதற்கு நேர்மாறானது: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, பின் இயல்பு நிலைக்கு விட்டு, மீண்டும் இறுக்குவது. இது இரத்த அழுத்தத்தை உயர்த்தி மயக்கத்தைத் தடுக்கிறது. குத்தப்போகும் இடத்துத் தசை மட்டும் தளர்ந்திருக்க வேண்டும்.

ஊசிமுனையை மறைத்து, பொத்தானை அழுத்தினால் தானே செலுத்தும் தானியங்கிக் கருவிகள் அச்சத்தைக் குறைக்கின்றன. குடும்பத்தினர் போட்டுவிடுவது நல்ல இடைக்கால ஏற்பாடு. ஆனால் அந்த ஒருவர் ஊருக்குப் போனால் ஊசி தவறிப்போகும் நிலையும் அதனுடன் வருகிறது.

== கண்ணுக்குத் தெரியாத விளைவுகள் ==

இன்டர்ஃபெரான் வெள்ளையணுக்களைக் குறைக்கலாம். கல்லீரல் நொதிகளை உயர்த்தலாம். இவை இரண்டும் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை என்பதால் 1, 3, 6 மாதங்களில் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தைராய்டு பரிசோதனையும் தேவைப்படலாம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இவற்றைத் தள்ளிப்போடுவது தவறு. மாதம் ஒருமுறை தன்னூசியாகப் போடப்பட்ட டாக்லிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து, ஒப்புதல் பெற்ற இரண்டே ஆண்டுகளில், கல்லீரல் பாதிப்பு, மூளை அழற்சி ஆகியவை குறித்த அறிக்கைகளைத் தொடர்ந்து 2018-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. மஞ்சள்காமாலை, கருத்த சிறுநீர், தொடர்ந்த குமட்டல் ஆகியவை எந்த மருந்திலும் உடனே தெரிவிக்கப்பட வேண்டியவை.

மனச்சோர்வு எம்.எஸ். நோயிலேயே மிகுதியாகக் காணப்படுவது. இன்டர்ஃபெரான் அதைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. ஆயினும் மருந்துக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. ஊசி தொடங்கியபின் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவை தோன்றினால், நோய் பற்றிய இயல்பான வருத்தம் என்று குடும்பத்தினர் கடந்துவிடக் கூடாது.

== நிறுத்துவதும் மாற்றுவதும் ==

மூன்று மாதங்களுக்குப் பின்னும் ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு நாள் படுக்கையில் கழிகிறது என்றால், அதைச் சகித்துக்கொள்வது கடமையன்று. இன்டர்ஃபெரானிலிருந்து கிளாட்டிரமருக்கோ, மாத்திரை வடிவ மருந்துக்கோ, மருத்துவமனையில் நரம்பு வழியே ஏற்றும் மருந்துக்கோ மாறுவது இன்று வழக்கமானதே. 1993-இல் ஊசி கைவிட்டவருக்கு வேறு மருந்து இருக்கவில்லை. இப்போது நிலை அப்படியில்லை. மருத்துவரிடம் சொல்லாமல் ஊசிகளை விட்டுவிட்டு, பரிசோதனைக்குச் செல்லும்போது ஒழுங்காகப் போடுவதாகச் சொல்வதுதான் மிகவும் கெடுதல் செய்கிறது. அப்போது வரும் தாக்குதலை மருந்தின் தோல்வி என்று மருத்துவர் தவறாகக் கணித்து, தேவையில்லாத கடுமையான மருந்துக்கு மாற்றிவிட நேரும்.

ஓர் ஊசி தவறினால் அடுத்த முறை இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போடக் கூடாது. பல வாரங்கள் இடைவெளி விழுந்துவிட்டால், உடல் பழகியிருந்த தாங்கும் தன்மையும் குறைந்திருக்கும். அந்நிலையில் முழு அளவில் தொடங்கினால் முதல் வாரக் காய்ச்சல் மறுபடி வரக்கூடும். மீண்டும் சிறிய அளவிலிருந்து ஏற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.